மெல்கியோர் மாற்றிய கதவு

"ஓடலைங்க அக்கா. மூணு தரம் பார்த்துட்டனுங்க, சர்வர்—"

"ஓடுது! ஓடாம எங்க போவும்? நீ தட்டுன கதவு—"

"சரியான கதவுதானுங்க. எல்லா வண்டிக்கும் ஒரே கதவு, நானூத்தி நாப்பத்தி மூணு, அது கம்பெனி—"

"கம்பெனியத் தூக்கிக் குப்பையில போடு பிள்ள! எம் புருசன் அங்க வெறைச்சுக்கிட்டுக் கெடக்காவ, நீ எனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிய!"

பூங்கோதை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். காங்கேயத்திலிருந்து நிலாவின் தென்முனை வரை வந்து இந்தத் தொடர்பு அறையில் உட்கார்ந்தாளே, அதிலிருந்து இன்றுவரை யாரும் அவளிடம் இப்படிக் கத்தியதில்லை. கத்துகிற ஜெனோபாவோ நிலையத்துச் சமையல்கட்டிலிருந்து கையில் கரண்டியோடு ஓடி வந்திருந்தாள். கரண்டியிலிருந்து புறப்பட்ட ஒரு சொட்டுச் சாம்பார், நிலாவுக்கே உரிய சோம்பலோடு, தரையைப் பார்த்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ஜெனோபாவின் புருஷன் கஸ்பார் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். வெயில் எட்டியே பார்க்காத பள்ளங்களில் கல்லாய்க் கிடக்கும் ஐஸைத் துளைத்து எடுத்துக்கொண்டு வந்தால்தான் நிலையத்தில் குடிக்கத் தண்ணீர், மூச்சுவிடக் காற்று, எல்லாம். காலையில் திரும்பியிருக்க வேண்டிய கஸ்பாரின் வண்டி திரும்பவில்லை. பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் குரல் வெளியே வராது. ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் சின்னதாக ஒரு வெப் சர்வர் உண்டு. பள்ளத்து விளிம்புகளில் நிற்கும், எழுத்தை மட்டும் கடத்தும் கோபுரங்கள் வழியாக அதன் கதவைத் தட்டினால் ஒரே ஒரு பக்கம் திறக்கும். வண்டி எங்கே நிற்கிறது, உள்ளே சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு, ஏற்றிய பாரம் எவ்வளவு என்று அது சொல்லும். கதவு என்பது பேச்சுக்குச் சொல்வது. போர்ட் என்று ஒரு எண், அவ்வளவுதான். ஒரு வண்டிக்கு அப்படி அறுபத்தைந்தாயிரம் கதவுகள். விதிப்படி திறந்துவைக்க வேண்டியது அதில் ஒன்று.

அந்த ஒன்று திறக்கவில்லை.

"தொறக்கலைன்னா 'ஓடவில்லை'ன்னு நான் எழுதோணுங்க அக்கா. எழுதின உடனே மீட்பு வண்டி அவரு பதிஞ்சு குடுத்த எடத்துக்குக் கிளம்பிரும். வடக்குச் சரிவு. இன்னைக்கு சார்ஜோட நிக்கிறது ஒரே வண்டி. ஒரு எடத்துக்குத்தான் போய்த் திரும்ப முடியும்."

"வடக்குச் சரிவா?" ஜெனோபா சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. "எந்த வண்டிக்காரன் நெசமான எடத்த எழுதிக் குடுத்திருக்கான்? அந்தா வாசல்ல நிக்காகள்லா, அந்த ஆளுட்ட கேளு."

அந்த ஆள் மெல்கியோர். கஸ்பாரின் கூடப்பிறந்த அண்ணன். சார்ஜோடு நிற்கும் ஒரே வண்டி அவனுடையது. ஆகவே மீட்புக்குப் போக வேண்டியவனும் அவனே. தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். மணப்பாட்டில் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கும், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பெயரை வரிசையாக வைத்த குடும்பம் அது. குலசேகரப்பட்டினத்து ராக்கெட்டில் ஏறி மெல்கியோர் வந்தான், பின்னாலேயே கஸ்பார் வந்தான். மூன்றாவது ராஜா பல்தசார் புத்திசாலி, பூமியிலேயே இருந்துவிட்டான். வந்த இரண்டு பேரும் ஒரு பள்ளத்தை யார் முதலில் பார்த்தது என்பதில் சண்டை போட்டு, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஜெனோபாவும் புருஷனின் இந்த அண்ணனோடு, அவள் முறையில் அத்தானோடு, பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவாள்.

"அவகிட்ட சொல்லுங்க," என்றான் மெல்கியோர், பூங்கோதையைப் பார்த்து. "நானும் எழுதுனதில்ல."

"ஏனுங்க அண்ணா, பொய்யான எடத்தையா எழுதுவீங்க எல்லாரும்?"

"பின்ன? நெச எடத்த எழுதுனா, அந்த நானூத்தி நாப்பத்தி மூணத் தொறந்து வச்சா, ஊரே பாக்கும். நாங்க மாசக்கணக்கா இருட்டுல தடவி ஒரு நல்ல பள்ளத்தக் கண்டுபிடிப்போம். மக்கா நாளு கம்பெனியோட பெரிய மிசினு வந்து நிக்கும். எங்க சின்ன வண்டி வாயப் பாத்துக்கிட்டுத் திரும்பணும். கடல்ல மீன் பட்ட எடத்த எவனாச்சும் கத்திக்கிட்டா வருவான்?"

"அதனால?"

"அதனால பள்ளத்துக்குள்ள எறங்குறப்போ அந்தக் கதவப் பூட்டிருவோம். சர்வர வேற நம்பர்ல மாத்தி வச்சுக்கிருவோம், வண்டிக்காரனுக்கு மட்டும் தெரிஞ்ச நம்பர். திரும்பி வர்ற வழியில பழையபடி தொறந்து வைப்போம். நீங்களும் பச்சை வெளக்கப் பாத்துட்டு சந்தோசமா டீ குடிப்பீய."

பூங்கோதைக்குக் காது சூடேறியது. இத்தனை நாளும் அவள் காவல் காத்தது ஆள் இல்லாத வாசலையா! "நீங்களுமா அண்ணா?"

"நானுந்தான். முந்தாநேத்துகூட நம்பர மாத்துனேன். மாத்துனது நல்லதாப் போச்சு! வண்டி பட்டறையில நிக்குது, கம்பெனிக் கதவக்கூட இன்னும் தொறக்கல, நேத்துப் பூரா எவனோ களவாணி என் பழைய நம்பரத் தட்டிக்கிட்டே கெடந்தான். பூட்டுன நம்பரத் தட்டுனா வண்டிக்குள்ள மணி அடிக்கும். அடிச்சு அடிச்சு எனக்குக் காதே வலிச்சுப் போச்சு. தட்டுல மக்கா, நல்லாத் தட்டுன்னு விட்டுட்டேன்."

"அந்த ஆள் வீரத்த அப்புறம் கேளு," என்றாள் ஜெனோபா. "எம் புருசனுக்கு வழி சொல்லு."

"உங்களுக்கு அவரு நம்பர் தெரியுங்களா அக்கா?"

ஜெனோபாவின் கரண்டி கீழே இறங்கியது. "பொண்டாட்டிட்ட சொன்னா மச்சினமாரு காதுக்குப் போயிருமாம். எங்கண்ணனுவ ரெண்டு பேரும் வண்டிக்காரனுவ. கட்டுன நாள்ல இருந்து எந்தப் பள்ளம்னுகூட நான் கேட்டதில்ல. கேட்டாத்தான சொல்லுவாவ?"

பூங்கோதை திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். 'ஓடவில்லை' என்று எழுத வேண்டிய கட்டம் காலியாக மினுக்கிக்கொண்டிருந்தது. எழுதினால் மெல்கியோர் வடக்குச் சரிவுக்குப் போவான். அங்கே கஸ்பார் இருக்க மாட்டான். இன்னொரு வண்டிக்கு சார்ஜ் ஏறி முடியும்போது கஸ்பாரின் காற்று தீர்ந்திருக்கும். இன்னும் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிடலாமே என்று அதே பழைய கதவைத் தட்டினாள்.

'மறுக்கப்பட்டது.'

அதே பதில். நாலாவது தரமும் அதே சிவப்பு எழுத்து. தட்டிய கை எடுக்கும் முன்னே வந்து விழுந்த பதில்.

வந்து விழுந்த பதில்!

"அக்கா!" என்று அவள் போட்ட கூச்சலில் மெல்கியோர் கக்கத்திலிருந்த தலைக்கவசத்தை நழுவவிட்டான். "அக்கா, நான் ஒரு மடச்சி! செத்துப்போன வண்டியைத் தட்டினா ஒண்ணுமே வராதுங்க. காத்துக்கிட்டே கெடக்கோணும், கடைசியில அலுத்துப்போய் நாமளே விட்டுருவோம். இது அப்படி இல்லை. தட்டின உடனே 'இந்தக் கதவுல யாரும் இல்லை'ன்னு பதில் வருது. இல்லைன்னு சொல்றதுக்கு உள்ளே ஒண்ணு முழிச்சிருக்கோணும்ல! வண்டி உசுரோட இருக்குங்க!"

"நான் என்ன சொன்னேன்?" ஜெனோபா கரண்டியை ஓங்கினாள். "மொத வார்த்தையே அதான சொன்னேன், ஓடுதுன்னு!"

"ஓடுதுங்க! எந்தக் கதவுலன்னுதான் தெரியோணும்."

"தட்டு பிள்ள. எல்லாத்தையும் தட்டு!"

"அதான் முடியாதுங்க." பூங்கோதையின் விரல்கள் மேசையில் தாளம் போட்டன. "ஒவ்வொரு தரம் தட்டும்போதும் வண்டி முழிச்சுப் பதில் சொல்லுது. அந்த பேட்டரிதான் அவரு உட்கார்ந்திருக்கிற கேபினையும் சூடாக்குது. ஏதோ கொஞ்சம் தட்டலாம். அறுபத்தஞ்சாயிரத்தையும் தட்டினா, சரியான கதவு திறக்கிறப்ப உள்ளே மனுசன் இருக்க மாட்டாரு, ஐஸ்தான் இருக்கும்."

"அப்போ யோசிச்சுத் தட்டு."

பூங்கோதை யோசித்துத் தட்டினாள். எண் மாற்றுகிற எல்லோரும் சோம்பேறித்தனமாக வைக்கிற எண்கள் சில உண்டு. எட்டாயிரத்து எண்பது. மறுக்கப்பட்டது. எட்டாயிரம். மறுக்கப்பட்டது. மூவாயிரம். மறுக்கப்பட்டது.

"பன்னெண்டு பூஜ்யம் ரெண்டு போடு," என்றாள் ஜெனோபா. "கலியாண தேதி."

மறுக்கப்பட்டது.

"அதையும் வைக்கலையா? வரட்டும், வீட்டுக்கு வரட்டும் அந்த மனுசன்! பதினாலு பூஜ்யம் ஒம்பது போடு. எங்கூர் சிலுவைத் திருநா. அன்னைக்கு அவுகதான் தேர் தூக்குவாவ."

மறுக்கப்பட்டது.

"மக பொறந்த நாளு..."

"வேண்டாங்க அக்கா." பூங்கோதை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொரு ஊகமும் அவரு போர்வையில இருந்து ஒரு நூலை உருவுற மாதிரி. சும்மா உருவக்கூடாது."

கீழே உருண்ட தலைக்கவசத்தை எடுக்கக் குனிந்த மெல்கியோர் நிமிரவே இல்லை. குனிந்தபடியே, தரையிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"நாலாயிரத்து எழுநூத்திப் பத்து."

"என்னங்க அண்ணா?"

"அவன் நம்பரு. போட்டுப் பாருங்க."

ஜெனோபா திரும்பினாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். "ஒமக்கு எப்பிடித் தெரியும்?"

பூங்கோதைக்கு முதலில் புரியவில்லை. அந்தப் பார்வையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மணப்பாட்டு வண்டிக்காரர்களுக்குள் எதைச் செய்தாலும் மன்னிப்பு உண்டு. அடிதடிக்கு உண்டு, குடிக்கு உண்டு. அடுத்தவன் இடத்தை ஒளிந்து பார்க்கிறவனுக்கு மட்டும் இல்லை. அவனோடு யாரும் சேர்ந்து சாப்பிட மாட்டார்கள். அவன் வண்டி புதைந்தால் யாரும் கயிறு வீச மாட்டார்கள். நிலாவில் கயிறு வீச ஆள் இல்லாதவன் வண்டி ஓட்ட முடியாது, ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். இது தெரிந்தே, இரண்டு பெண்களுக்கு முன்னால் மெல்கியோர் வாயைத் திறந்திருக்கிறான்.

"ரெண்டு வருசமா எங்க பள்ளத்தத் திருடிக்கிட்டா இருந்தீரு?"

"ஒரு கட்டி ஐஸ் எடுத்ததில்ல. பாத்தேன், அவ்வளவுதான்." இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "சூடு எவ்வளவு இருக்கு, காத்து எவ்வளவு இருக்குன்னு. சாயங்காலம் ஒருக்கா, படுக்குறதுக்கு முன்ன ஒருக்கா. நேத்துத்தான் அந்த மணி அடிச்ச எரிச்சல்ல பாக்காம விட்டுட்டேன். பேசத்தான் மாட்டான், பாக்கக்கூடவா கூடாது?"

ஜெனோபா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பூங்கோதை அதற்குள் தட்டிவிட்டாள்.

மறுக்கப்பட்டது.

"இல்லைங்களே அண்ணா..."

"இல்லையா?" மெல்கியோர் நெற்றியைத் தேய்த்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "மாத்திருப்பான். பயலுக்கு மாத்தத் தெரியும், புதுசா யோசிக்கத் தெரியாது. சின்னப் பிள்ளையில இருந்து அவனுக்கு எல்லாம் ஏழுதான். மாத்துறப்போல்லாம் ஏழு கூட்டுவான். கூட்டுங்க!"

நாலாயிரத்து எழுநூற்றுப் பதினேழு.

திரை ஒரு கணம் வெளுத்தது. அப்புறம், அலங்காரம் எதுவும் இல்லாமல், நாலே வரிகளோடு ஒரு பக்கம் திறந்தது.

"தொறந்துருச்சு!" பூங்கோதை குதித்தாள். நிலாவில் குதித்தால் தலை கூரையில் முட்டும் என்பதை மறந்து குதித்தாள், முட்டிய வலியும் தெரியவில்லை. "ஓடுதுங்க! சர்வர் ஓடுது, நாலாயிரத்து எழுநூத்திப் பதினேழுல ஓடுது!"

"ஆளு? ஆளு எப்பிடி இருக்காவ?" ஜெனோபா திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இதென்ன, காற்று முப்பத்தாறா? நூத்துக்கா? இப்ப முப்பத்தஞ்சாயிட்டு! ஏ பிள்ள, கொறையுது, காத்து கொறையுது!"

"கொறையட்டுங்க!"

"என்னட்டி சொல்லுத?"

"அக்கா, ஆள் இல்லாத வண்டியில காத்து எப்படிங்க கொறையும்? யாரோ இழுத்து இழுத்து விடுறாங்க, அதான் கொறையுது!" பூங்கோதை சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "மூச்சு விடுறாருங்க உங்க வீட்டுக்காரரு!"

ஜெனோபா திரையைத் தொட்டு அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எண் முப்பத்தைந்திலிருந்து அசையாமல் நின்ற நேரமெல்லாம் அவளுக்குப் பதறியது. முப்பத்துநாலு என்று இறங்கியபோது, "ஆங், அப்பிடி விடு!" என்று கத்தினாள்.

மெல்கியோர் மட்டும் வேறு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி நிற்கும் இடம். அவன் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"இது என் பள்ளம்."

"என்னங்க அண்ணா?"

"என் பள்ளம்! மேற்கு விளிம்பத் தாண்டி, ரெட்டைப் பாறைக்குக் கீழ. ஒருத்தருட்டயும் மூச்சு விட்டதில்ல, தெரியுமா? என் கதவத் தொறந்து பாக்காம இது எவனுக்கும் கிடைக்காது. அப்போ அவனும்... களவாணிப் பய!" தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே வாசலுக்கு நடந்தான். "நான் ரெண்டு வருசமா மனச்சாட்சி குத்திக் குத்திச் சாவுதேன், இவன் என் ஐஸுலயே கைய வச்சிருக்கான்! இருக்கட்டும், மொதல்ல உசுரோட கொண்டாரேன். அப்புறம் நானே கழுத்தத் திருகுதேன்!"

"அத்தான்!" என்றாள் ஜெனோபா.

மெல்கியோர் நின்றுவிட்டான்.

"வெரசாப் போங்க அத்தான்."

அவன் போனான். வண்டிச் சக்கரங்கள் கதவைத் தாண்டும் அதிர்வு அறைக்குள் வரை கேட்டது. பூங்கோதை காலிக் கட்டத்தில் 'ஓடுகிறது' என்று எழுதினாள். இடம் என்ற கட்டத்தில் அவள் விரல் தயங்கியது. எழுதினால் ஊரே பார்க்கும். பெரிய இயந்திரம் வரும். எழுதாவிட்டால் வேலை போகலாம். ஜெனோபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பூங்கோதை 'மீட்பு வண்டிக்குத் தெரியும்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டாள். கேட்டால் கேட்கட்டும்.

வழியெல்லாம் மெல்கியோரின் ஏச்சு வானொலியில் வந்துகொண்டே இருந்தது. கேட்க இருவருக்கும் தெம்பாக இருந்தது.

"நாளைக்குப் பட்டறையில வச்சு எல்லாரு முன்னாடியும் கேப்பேன் பாத்துக்கோங்க. எத்தன டன் எடுத்தான்னு அங்கயே போட்டிருக்கும்லா? பாத்துச் சொல்லுங்க!"

பூங்கோதை கடைசி வரியைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"அண்ணா, பாரம் பூஜ்யமுங்க."

"பூஜ்யமா?"

"ஒரு கட்டி ஏத்தலை. துளைக்கிற கம்பி இறங்கவே இல்லைன்னு போட்டிருக்கு. ஐஸ் எடுக்க வரலைங்க அவரு."

"ஐஸுக்கு வராம என் பள்ளத்துல அவனுக்கு என்ன சோலி?"

ஜெனோபா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏ பிள்ள," என்றாள். "நேத்துப் பூரா அத்தானோட பழைய கதவ எவனோ தட்டிக்கிட்டே கெடந்தான்னு சொன்னாவல்லா..."

பூங்கோதைக்கு இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்ணால் பார்ப்பதுபோல இருந்தது.

"அண்ணன் கதவை மாத்தினது அவருக்குத் தெரியாதுங்க," என்றாள். "வழக்கம்போல பழைய கதவைத் தட்டியிருக்காரு. 'மறுக்கப்பட்டது'ன்னு வந்திருக்கும். நானே நாலாவது தரம்தானே யோசிச்சேன்? அண்ணன் வண்டி செத்துப்போச்சுன்னு நினைச்சிருப்பாரு. திரும்பத் திரும்பத் தட்டிட்டு, கடைசியில..."

அவள் நிறுத்தினாள். மைக் திறந்தே இருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

மெல்கியோர் பக்கம் ஏச்சு நின்றுபோயிருந்தது. மோட்டாரின் முனகல் மட்டும் உச்சத்துக்கு ஏறியது. அந்த வண்டியை அதற்குமுன் யாரும் அவ்வளவு வேகத்தில் ஓட்டியிருக்க மாட்டார்கள். திரையில் முப்பத்தொன்று, முப்பது என்று எண் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெனோபா ஒவ்வொரு எண்ணுக்கும் உதட்டை அசைத்தாள்.

பிறகு சக்கரச் சத்தம் ஓய்ந்தது. பள்ளத்தின் விளிம்பு. கீழே மாட்டிக்கொண்டு நிற்கும் வண்டிக்கு அங்கிருந்து குரல் எட்டும். அவன் மூச்சு வாங்குவது அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

"ஏல கஸ்பாரு... விளக்கு தெரியுது. அண்ணன் மேல நிக்கேன். ஏல தம்பி, என்னயத் தேடியால வந்த?"